‘வேண்டாம்’ என்று சொல்லும் பலம்

கல்முனைப் பக்கம் ஒரு தொழிற்சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால், தேநீர்க்கடை தொடங்கிப் பள்ளிவாசல் முற்றம் வரை எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை பேருக்கு வேலை? நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. அந்த வேலையில் அநியாயம் நேர்ந்தால், ‘வேண்டாம்’ என்று சொல்லி எழுந்து வரும் பலம் தொழிலாளிக்கு இருக்குமா என்பது மீதிப் பாதி. தொழிற்சாலை தரும் நன்மையை இரண்டையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

முதலில் அதன் பக்கத்து நியாயம். மருதமுனையின் கைத்தறிச் சேலையும் சாரமும் ஊருக்குப் பெருமை. ஆனால் கூலிக்கு நெய்பவருக்கு அந்தப் பெருமை மட்டும் சோறு போடுவதில்லை. நூலும் சாயமும் முதலாளியுடையவை. கூலி நெய்த அளவுக்குத்தான். தறி நின்ற நாளில் வருமானமும் நிற்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்து தறிகளையும் கொண்டுபோனபோது, பல நெசவாளர்களுக்குக் கைகொடுக்கச் சேமிப்பு நிதி எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகளை உம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் கதை இந்தக் கரையில் தெருவுக்குத் தெரு உண்டு.

இவற்றோடு ஒப்பிட்டால், ஊருக்கருகே வரும் ஓர் ஆடைத் தொழிற்சாலை சிறிய காரியம் அல்ல. பெண்ணின் சொந்தப் பெயரில் மாதச் சம்பளம் வரும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவள் 8 வீதம் கட்ட, முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம். இரவில் அவள் தன் பிள்ளையின் பக்கத்தில் படுக்கலாம். இதை அற்பம் என்று தள்ளுபவர் அந்த வீடுகளின் நோவை அறியாதவர்.

இனி மறுபக்கம். தொழிற்சாலை நிற்பது ஊரின் மண்ணில். அதன் ஆயுளைத் தீர்மானிப்பவர்கள் இருப்பது வெகு தூரத்தில். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச நாடெங்கும் 200 ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பின்தங்கிய ஊர்களுக்குப் போக முதலீட்டாளர்களை இழுத்தது ஏற்றுமதிக் கோட்டா. 2004 முடிவோடு உலக அளவில் அந்தக் கோட்டா முறை ஒழிந்தபோது சிறிய தொழிற்சாலைகள் தள்ளாடின, பல மூடப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை 2010இல் நிறுத்தியதும் 2017இல் திருப்பித் தந்ததும் அப்படித்தான். தையல் மெஷினில் இருந்தவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

பணிக்கொடைச் சட்டத்தையும் பார்க்கலாம். ஐந்து வருடம் வேலை செய்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். கலியாணம் முடித்து, வேலையின் நான்காம் வருடத்தில் நின்றுவிடும் பெண்ணுக்கு அது கிடையாது. நாளாந்த டார்கெட், ஒரு நாள் லீவு எடுத்தால் குறைகிற வரவுக் கொடுப்பனவு என்று அவள் இளமையின் பலத்தைக் கேட்டு வாங்கிய வேலை, அவள் போகும்போது எதைக் கொடுத்தனுப்புகிறது?

நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதும் அறத்தின் கேள்வி. இந்தக் கரைக்கு அதைக் கற்பித்தது ஒலுவில். 2013 செப்டம்பரில் அங்கே துறைமுகம் திறக்கப்பட்டபோது வேலையும் வியாபாரமும் வரும் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது. பிறகு வாயிலை மணல் மூடியது, பக்கத்துக் கரையைக் கடல் தின்றது, தென்னந்தோப்புகள் சரிந்தன. கனவு கண்டது முழு ஊரும். விலை கொடுத்தது தோணிக்காரரும் தோப்புக்காரரும். பலருக்கு நன்மை என்று சொல்லிச் சிலரின் பிழைப்பைக் கேட்பவர்கள், அந்தச் சிலருக்கு என்ன ஈடு என்பதை முதலிலேயே சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே தொழிற்சாலை வேண்டுமா, வேண்டாமா என்று கட்சி கட்டுவதில் பயனில்லை. தறியும் கடலும் வயலும் உயிரோடு இருக்கும் ஊரில் தொழிற்சாலை இன்னுமொரு வழி. அவை செத்த ஊரில் அதுவே ஒரே வழி. ஒரே வழியாக இருக்கும் இடத்தில் கூலியையும் மரியாதையையும் முதலாளி மட்டுமே தீர்மானிப்பார். குறைந்தபட்சச் சம்பளத்தைச் சட்டம் நிர்ணயிக்கலாம். மேற்பார்வையாளர் ஏசும்போது நிமிர்ந்து பதில் சொல்லும் தைரியத்தைச் சட்டம் மட்டும் தராது. வேறு கதவொன்று திறந்திருக்கிறது என்ற அறிவும், கூடவே நிற்கும் தொழிற்சங்கமும் தரும்.

உழைத்தவரின் கூலியைத் தாமதிப்பது பாவம் என்று ஜும்ஆ குத்பாவில் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்தப் போதனை சம்பள நாளோடு முடிந்துவிடக் கூடாது. அடிக்கல் நடும் நாளிலேயே ஊர் கேட்க வேண்டியவை உண்டு: சேமலாப நிதி மாதாமாதம் கட்டப்படுமா, சங்கம் அமைக்க விடுவார்களா, கழிவுநீர் எங்கே போகும், மூடிப் போகும் நாளில் நிலுவைக்கு யார் பொறுப்பு? அதே மேடையில் நெசவாளருக்கு நூலும் மீனவருக்குத் துறையும் கேட்கப்பட வேண்டும். தறி ஓடும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவள், தொழிற்சாலை வாசலில் தலை குனிய வேண்டியதில்லை.