வேகத்தின் மேல் போட்ட பழி

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கூடினால் என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சைக்கிள் ஓட்டுறது சரிப்பா, உடம்புக்கு நல்லது. இந்தக் கார் ரேஸ் எதுக்கு? குடும்பம் இருக்குல்ல?" என்பார் சித்தப்பா. அதில் இருக்கும் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் கேள்விக்குள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. மெதுவாகப் போகிறவன் பொறுப்பானவன், வேகமாகப் போகிறவன் பொறுப்பற்றவன் என்ற கணக்கு. என் உடம்பு சொல்லும் கணக்கு வேறு. என் எலும்பு முறிந்தது சைக்கிளில், மணிக்கு 25 கிலோமீட்டர்கூட இல்லாத வேகத்தில். பந்தயத் தடத்தில் அதைப்போல ஆறு மடங்கு வேகத்தில் போயிருக்கிறேன். அங்கே ஒரு கீறலும் விழுந்ததில்லை.

அதிர்ஷ்டம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு ஒதுக்க மனமில்லை. நாற்பதைத் தாண்டிய, மாதச் சம்பளத்தில் வாழ்கிற, விளையாட்டால் ஒரு ரூபாயும் ஈட்டாத ஒருவன் தன் உடலை எதற்காகப் பணயம் வைக்கலாம்? தொழில்முறை வீரர்களுக்கு அவர்களுடைய ஒப்பந்தமே பதில் சொல்லிவிடும். என்னைப் போன்றவர்கள் தாமாகத் தேடித்தான் கண்டடைய வேண்டும்.

சென்னையில் சைக்கிள் பித்துப் பிடித்தவர்கள் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் தொடங்குகிறார்கள். விடிவதற்கு முன் திருவான்மியூரில் கூடி, முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி, மாமல்லபுரம் வரை போய், வெயில் உறைக்கும் முன் திரும்பிவிட வேண்டும். பாலத்தின் மேல் கடற்காற்று தள்ளும்போது முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஒதுங்கத் தெரிந்தால் களைப்பு வெகுவாகக் குறையும். அங்கிருந்து ப்ரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணங்களுக்குப் போனேன். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்று காலக்கெடு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தவர் எல்லாரும் ஒன்றுதான். நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி, முன்பின் தெரியாத லாரி ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருந்த இரவுகளை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அத்தனை இருட்டிலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. விழுந்தது பட்டப்பகலில், வீட்டுக்குப் பக்கத்தில். டிபன் கடை வாசலில் கார்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றில் ஒன்றின் ஓட்டுநர் பக்கக் கதவு பின்னால் பார்க்காமல் திறக்கப்பட்டது. பிரேக் பிடிக்க இடமே இல்லை. கீழே விழும்போது கை தானாகத் தரையை நோக்கி நீளும். அல்லது தோள் போய் மோதும். எப்படி விழுந்தாலும் அந்த அடி மேலேறி, தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காரை எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வளைந்து, நடுவில் மெலிந்த எலும்பு அது. பெரும்பாலும் நடுவில்தான் முறியும். எனக்கும் அங்கேதான்.

புத்தூர் கட்டுப் போடலாம் என்றார் அத்தை. ஆட்டுக்கால் சூப்பு நாள் தவறாமல் வந்தது. எலும்புத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதால் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும் என்றார் மருத்துவர். போட்டார்கள். அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

முறிந்த எலும்பைச் சுற்றி முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு அந்த இடத்தில் குருத்தெலும்பு போன்ற மிருதுவான திசு வளர்ந்து இரண்டு முனைகளையும் பிணைக்கிறது. அதன்பின் சுண்ணாம்புச் சத்து ஏறி அது கெட்டிப்படுகிறது. கெட்டியான பிறகும், எந்தப் பக்கம் பாரம் விழுகிறதோ அதற்கேற்பத் தன்னைச் செதுக்கிக்கொள்ளப் பல மாதங்கள் ஆகும். கான்கிரீட் போட்ட வீட்டில் சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரித்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். ஆனால் பலகையை ஒரேயடியாகப் பிரிக்காமலே வைத்திருப்பதும் தவறு. அசையாத தோள் இறுகிப்போகும். பாரமே படாத எலும்பு பலவீனமாகும். உடம்புக்கு ஆபத்தே காட்டாமல் இருந்தால் உடம்பு தேறாது என்பதை அந்த நாட்களில்தான் புரிந்துகொண்டேன்.

இயன்முறை மருத்துவர் வயதில் மிகவும் இளையவர். முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே மேலே போக வேண்டும். எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. "வலி வர்ற வரைக்கும் போங்க சார், வலியைத் தாண்டிப் போகாதீங்க" என்பார். அவருடைய கை என் முழங்கையின் கீழே, தொடாமல், தாங்கத் தயாராக இருக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஆபத்து. ஆனால் அளந்து கொடுத்த ஆபத்து, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்திக்கும் ஆபத்து. சாலையில் விழுந்த அன்று என் முழங்கைக்குக் கீழே அப்படி ஒரு கை இல்லை. எனக்குத் தோன்றிய பதிலின் முதல் நுனி இங்கேதான் கிடைத்தது.

மறுபடி பந்தயத் தடத்துக்குப் போனபோது அதன் மறுநுனி பிடிபட்டது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது. சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. என்னைப் போன்றவர்கள் ஓட்டுவது எல்ஜிபி ஃபார்முலா 4 வகைக் கார். மாருதியின் 1300 சிசி எஞ்சின், ஒருவர் மட்டுமே உட்காரும் திறந்த கார். அதில் ஏறும் முன் மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, கையுறை எல்லாவற்றையும் ஒருவர் எடுத்துப் பார்ப்பார். என் உயிரைப் பற்றி எனக்கே தோன்றாத சந்தேகங்கள் அவருக்குத் தோன்றும். ஆம்புலன்சும் மருத்துவரும் தீயணைப்பு வண்டியும் தயாராகாமல் கார்கள் வெளியே விடப்படுவதில்லை. தடத்தில் எதிரே யாரும் வரமாட்டார்கள். வளைவுக்கு வெளியே, தவறினால் ஓடி நிற்க வெற்று நிலம். அதற்கப்பால் டயர் அடுக்கிய சுவர். முன்னால் ஏதாவது நடந்திருந்தால் எனக்குக் கண்ணில் படும் முன்பே மஞ்சள் கொடி அசையும். அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். அவர்கள் மேல் எனக்கு இருக்கும் நன்றியைச் சொல்ல இந்தக் கட்டுரையில் இடம் போதாது.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இயற்பியலை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனாலும் மணிக்கு 150 கிலோமீட்டரில் நான் பத்திரமாக இருந்தேன், 25-இல் உடைந்தேன். ஒரு இடத்தில் என் உயிருக்குப் பலர் பொறுப்பேற்றிருந்தார்கள், இன்னொரு இடத்தில் ஒருவரும் ஏற்கவில்லை.

இந்தப் பொறுப்பு பந்தய உலகத்துக்குத் தானாக வந்துவிடவில்லை. 1966-இல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், மழையில் பந்தய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டீவர்ட்டின் கார் தடத்தை விட்டு வெளியே பாய்ந்தது. உடலெல்லாம் பெட்ரோல் ஊற, நசுங்கிய காருக்குள் அவர் மாட்டிக்கொண்டார். மீட்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. சக ஓட்டுநர்களான கிரகாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கி அவரை வெளியே எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்கு வழி தெரியாமல் தவறிப்போனது. அதன்பின் ஸ்டீவர்ட் பெல்ட்டுக்கும் தடுப்புகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஓயாமல் வாதாடினார். வீரம் போய்விடும் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. அவர் விடவில்லை.

அந்தப் போராட்டத்தின் பலனை இத்தாலியப் பந்தய ஓட்டுநர் அலெக்ஸ் சனார்டியின் வாழ்க்கையில் பார்க்கலாம். 2001 செப்டம்பர் 15, ஜெர்மனியின் லாவ்சிட்ஸ்ரிங் தடம். பிட் எனப்படும் பராமரிப்பு இடத்திலிருந்து வெளியே வந்த அவருடைய கார் சுழன்று குறுக்கே நிற்க, மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வந்த இன்னொரு கார் அதைப் பிளந்தது. இரண்டு கால்களும் போயின. உடலின் பெரும்பகுதி இரத்தம் வெளியேறியது. ஆனால் ஸ்டீவ் ஓல்வி, டெர்ரி டிராமெல் என்ற பந்தய மருத்துவர்கள் உடனடியாக அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஹெலிகாப்டரில் பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்தார். 2003-இல் அதே தடத்துக்குத் திரும்பி, அன்று விட்டுப்போன 13 சுற்றுகளைக் கையால் இயக்கும் காரில் ஓட்டி முடித்தார். பிறகு கையால் சுழற்றி ஓட்டும் சைக்கிளுக்கு மாறினார். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இரண்டு தங்கம். அந்தப் போட்டிகள் நடந்த இடம் பிராண்ட்ஸ் ஹாட்ச், அதுவும் ஒரு கார் பந்தயத் தடம்தான். 2016 ரியோவில் மேலும் இரண்டு தங்கம். 2020 ஜூன் 19 அன்று இத்தாலியின் பியென்சா ஊருக்கு அருகில், திறந்த சாலையில், கை சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது லாரியில் மோதித் தலையிலும் முகத்திலும் படுகாயம் அடைந்தார். 300 கிலோமீட்டர் வேகத்து மோதலிலிருந்து மீண்டு வந்த மனிதரை, எல்லாரும் போய்வரும் ஒரு சாலை வீழ்த்தியது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

தடம் யாரையும் கொல்லாது என்று நான் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் இதே இருங்காட்டுக்கோட்டையில் மூத்த பந்தய வீரர் கே.இ.குமார் இறந்தார். ஆகஸ்டில் ஒரு 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறந்தான். அந்தச் சிறுவனை நினைக்கும்போது, எத்தனை வயதில் ஒரு குழந்தையைத் தடத்தில் இறக்கலாம் என்ற கேள்விக்கு விளையாட்டு உலகம் இன்னும் கறாரான பதில் சொல்ல வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு நாட்களிலும் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. ஓர் உயிர் போனதும் எல்லாம் நின்றது. சாலையில் எதுவும் நிற்பதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 460 பேர். அதை யாரும் சாகசம் என்று அழைப்பதில்லை.

அதனால்தான் சித்தப்பாவின் கேள்வியை நான் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். ஆபத்தை விரும்பித் தேடும் ஒருவன், அதற்குரிய ஏற்பாடுகள் எல்லாம் உள்ள இடத்தில் தேடினால், அவன் குடும்பத்துக்குத் துரோகம் செய்பவன் இல்லை என்று நம்புகிறேன். காரணம் கேட்டால் என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. வளைவுக்குள் நுழையும்போது மனம் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிறது. வாழ்க்கையில் வேறெங்கும் எனக்கு அது வாய்க்கவில்லை. அதற்கு நான் கொடுக்கும் விலை என் சம்பளத்தில் ஒரு பங்கும், என் சுயநலத்தைக் குறித்த ஓயாத விசாரணையும்.

அந்த விசாரணையில் முதல் சாட்சி என் மனைவி. தோள் தேறி, மறுபடி சைக்கிளை எடுத்த வாரம் அவள் சொன்னாள்: "ரேசுக்குப் போங்க, எனக்குப் பயமில்ல. அங்க பாத்துக்க ஆள் இருக்கு. காலையில பால் வாங்கப் போறேன்னு சைக்கிள எடுக்கிறப்பதான் வயித்தக் கலக்குது." அவளிடமிருந்து அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளித்தான் ஓட்டுகிறேன். கண்ணாடிகளில் தலை தெரிகிறதா என்று பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

ஆனால் சாலையில் என் எச்சரிக்கை மட்டும் போதாது. நெதர்லாந்தில் கார் கதவைத் தூரத்துக் கையால் திறக்கும் வழக்கம் உண்டு. பிரிட்டனின் சாலை விதிக் கையேடும் 2022-இல் இதைச் சேர்த்துக்கொண்டது. நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். அவர் இடது கையால் கதவைத் திறந்தால் உடல் தானாகத் திரும்பும், தோளுக்கு மேல் பார்வை போகும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் வலது கையால் திறக்க வேண்டும். இதற்குச் செலவு இல்லை, புதிய சட்டம் வேண்டியதில்லை. இன்று காரில் ஏறப்போகிறவர் நீங்கள் என்றால், இறங்கும்போது அந்தக் கையால் திறங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.