யாருக்கு நன்றி?

கல்லூரி மாணவர்க்கு அரசு உதவித்தொகை வழங்கும்போதெல்லாம் இரு குரல்கள் எழக் கேட்கிறோம். “ஊரார் வரிப்பணத்தில் இலவசப் படிப்பா?” என்பது ஒன்று. “கொடுத்த கையை மறவாதே, பணிந்து நட” என்பது மற்றொன்று. முதற்குரல் முறைக்கிறது, இரண்டாம் குரல் சிரிக்கிறது. ஆயினும் இரண்டும் பிறக்கும் இடம் ஒன்றே. கல்வி என்பது இருப்பவன் இல்லாதவனுக்கு இடும் பிச்சை என்னும் எண்ணமே அந்த இடம். அவ்வெண்ணம் அறிவுக்குப் பொருந்துமா என்று ஆராய்வோம்.

மாணவனுக்குப் பொதுச் செல்வத்திலிருந்து சோறளிப்பது நேற்று முளைத்த வழக்கமன்று. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் கல்வெட்டைக் காணுங்கள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில், அங்கிருந்த வேதக் கல்லூரியில் 340 மாணவர்கள் பயின்றனர். அவர்களுக்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. அதற்கென நிலமும் ஒதுக்கப்பட்டது. அந்நிலத்தை உழுதவன் யார்? நெல்லை விளைத்தவன் யார்? அவன் மகனுக்கு அக்கல்லூரியின் கதவு திறந்ததா? அன்று அக்கொடைக்கு அறம் என்று பெயர். உழுதவன் வீட்டுப் பிள்ளை படிக்க வந்ததும், அதே கொடைக்கு இலவசம் என்று பெயர். கொடுக்கும் முறை மாறவில்லை, பெறுகின்றவன் மாறினான். சொல்லும் மாறிவிட்டது!

“தகுதி உடையவனுக்குத் தருக, தேவை உடையவனுக்கெல்லாம் ஏன்?” என்பர் சிலர். தகுதி வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. அதை அளக்கும் கோலைத்தான் கேட்கிறோம். கிணற்றினுள்ளிருந்து ஏறி வந்தவனும், மேட்டிலேயே பிறந்தவனும் ஒரே உயரத்தில் நிற்கலாம். ஏறிய தொலைவு ஒன்றாகுமா? விடுமுறை நாளில் செங்கல் சுமந்து படித்தவன் பெற்ற மதிப்பெண்ணும், தனிப்பயிற்சி பெற்றுப் படித்தவன் பெற்ற மதிப்பெண்ணும் தாளில் ஒன்றே. தாள் அறியாததை அரசு அறிய வேண்டாமா?

எனினும், நேர்மையான ஒரு கேள்வி உண்டு. அதை நாம் ஒதுக்கிவிட்டுப் போதல் முறையன்று. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் வரி செலுத்துகிறாள் கூலிக்காரத் தாய். அவள் மகன் பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டான். அடுத்த தெருப் பையன் கல்லூரி முடித்து, நாளை அவளினும் பன்மடங்கு பொருளீட்டுவான். அவன் படிப்புக்கு அவள் ஏன் பணம் தரவேண்டும்?

அவன் ஏழை என்பதால் என்று விடை கூறினால், அவளும் ஏழைதானே! அவன் பெறும் அறிவு அவளுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில்தான் அவள் பணம் அவனிடம் போகிறது. ஆகவே உதவித்தொகை பிச்சையன்று, உரிமை. ஆனால் கடமையைக் கருவில் சுமந்த உரிமை. அந்தக் கடமை, கையெழுத்திட்ட அதிகாரிக்கோ மேடையில் நின்று வழங்கியவர்க்கோ உரியதன்று; படிக்க முடியாமற் போனவர்க்கு உரியது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையால் 1913 இல் அவர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுகள். கைம்மாறாகப் பரோடா அரசில் பத்தாண்டு பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917 இல் ஒப்பந்தப்படி வந்தார். தங்க ஓர் அறை தந்ததா அந்நகரம்? இல்லை, சாதி சொல்லி விரட்டியது. பத்தாண்டுப் பணி நிறைவேறவில்லை. அவர் நன்றி கொன்றவரா? 1945 இல் மக்கள் கல்விக் கழகம் கண்டார். அடுத்த ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. பரோடாவில் பெற்ற கடனை, படிப்பு மறுக்கப்பட்டோரிடம் திருப்பிச் செலுத்தினார். கடன் தீர்க்கும் முறைக்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுமோ?

உரிமை என்று ஒப்பியபின், கொடுக்கும் முறையும் உரிமைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். வறுமையை மெய்ப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலைய வைப்பதும், தேர்வுக் கட்டணம் கட்டும் நாள் கழிந்தபின் பணம் அனுப்புவதும் உதவியாகா. தமிழ்நாட்டில் 2022 இல் மாணவியர்க்காகப் புதுமைப் பெண் திட்டமும், 2024 இல் மாணவர்க்காகத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயுடன் தொடங்கப்பட்டபோது, அரசுப் பள்ளிப் படிப்பு அடிப்படைத் தகுதியாக வைக்கப்பட்டது. தொகை நேரே வங்கிக் கணக்கில் சேருமாறு வகுக்கப்பட்டது. பெறுகின்றவர் எவர்முன்னும் கைகட்டி நிற்கவேண்டாத முறையே தன்மானத்திற்கு உகந்த முறை.

இளைஞர்களே! உதவித்தொகை பெறத் தலைகுனியாதீர். பெற்றபின் தலைகனமும் கொள்ளாதீர். உங்கள் தெருவில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாத தம்பி இருப்பான். கடைசி நாள் எதுவென்று அறியாத தங்கை இருப்பாள். பட்டம் பெற்ற கை முதலில் எழுத வேண்டியது அந்த விண்ணப்பத்தை. நன்றி சொல்ல ஆள் தேடுவோர்க்கு, அவர்கள் வீட்டு வாயிலைக் காட்டுகிறோம்.