விட்டு நீங்கிய ஆசிரியர்க்கு நன்றிக் கடன் உண்டோ?

ஆசிரியர் காட்டிய வழியிலே இறுதிவரை நடப்பவன் நன்றியுடையவன் என்பதில் ஐயமில்லை. அவ்வழி போதாதெனக் கண்டு வேறு நெறி நாடியவனின் நிலை யாது? பழைய ஆசிரியரைப் போற்றினால் புதிய நெறியில் அவனுக்கு உறுதியில்லை என்பர். போற்றாவிடின் நன்றி கொன்றான் என்பர்.

கௌதமரின் வரலாறு இவ்விடத்து நோக்கத்தக்கது. துறவு பூண்ட அவர் முதலில் ஆளார காலாமரிடமும் பின்னர் உத்தக ராமபுத்தரிடமும் தியானம் பயின்றார். ஆளாரர் தம் மாணாக்கர் கூட்டத்தைத் தம்முடன் சேர்ந்து நடத்துமாறு அவரை அழைத்தார். அவரோ அந்நெறி துக்கத்தை ஒழிக்காதெனக் கண்டு நீங்கினார். ஆயினும், ஞானம் பெற்றபின் அதனை முதலில் யாருக்கு உரைப்பதென எண்ணியபோது அவர் நெஞ்சிலே தோன்றியவர்கள் இவ்விருவருமே. ஆளாரர் ஏழு நாட்களுக்கு முன்னரும், உத்தகர் முந்திய இரவிலும் மறைந்துவிட்டனர் எனப் பாளி நூல்கள் கூறும். அந்நூல்கள் தரும் காரணம் நன்றியன்று. இவ்விருவரும் விரைந்து உணரவல்லார் என்பதே. எனினும், தாம் மறுத்த ஆசிரியரின் தகுதியை மறவாதிருப்பதும் நன்றியின் ஒரு வடிவமன்றோ?

சாரிபுத்தரின் செயல் இன்னும் எளியது. அஸ்ஸஜி தேரர் கூறிய ஒரேயொரு பாடலே அவரைப் பௌத்த நெறியிற் செலுத்தியது. பின்னாளில் அவர் புத்தரின் தலைமாணாக்கரானார். ஆயினும், அஸ்ஸஜி வாழும் திசையறிந்து அத்திசையிலே தலைவைத்து உறங்குவாராம். திசைகளை வணங்குகிறார் எனப் பிற துறவிகள் முறையிட்டனரென உரைநூல் சொல்கிறது. அருகிலிருப்பவர்க்கு நன்றிகூட மூடநம்பிக்கையாகத் தோன்றுவதுண்டு போலும்!

நன்றியைக் கடனென்று வசூலிக்க முற்பட்டால் விளைவு கொடிதாகும். ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்ட துரோணர் அவனுக்கு ஒரு நாளும் கற்பித்தவரல்லர். கேட்டுப் பெறும் நன்றி காணிக்கையன்று, தண்டமே.

அயோத்திதாசப் பண்டிதரிடத்திலே இதற்கு நேர்மாறானதைக் காண்கிறோம். 1845 இற் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவர்தம் ஆசிரியரின் பெயர். அதனை அவர் தாமே விரும்பி ஏற்றார். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அவர் அத்வைதத்தில் ஈடுபட்டிருந்தார். 1898 இல் ஒல்கொட்டுடன் கொழும்புக்கு வந்து சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். அவ்வாண்டே சென்னையிற் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சமயம் மாறியது, பெயர் மாறவில்லை. 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி எழுதிய காலத்திலும், 1914 இல் மறையும்வரையிலும், பௌத்தரல்லாத அவ்வாசிரியரின் பெயரையே தாங்கி நின்றார்.

கிழக்கிலங்கையிலும் இத்தகைய வழியொன்று உண்டு. 1892 இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் ஊரிலே தமிழும் வடமொழியும் கற்று, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பிலே கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். 1924 இல் இராமகிருஷ்ண மடத்திலே துறவேற்று விபுலாநந்தரானார். அவருக்கு ஆங்கிலமும் கணிதமும் புகட்டியவர்கள் அவர் சென்றடைந்த காவியுடையை எண்ணிக் கற்பித்தவர்களல்லர். காரைதீவின் இருமருங்கும் சாய்ந்தமருது, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்கள். அங்கு ஓதிக்கொடுத்த லெப்பையின் முன் கைகட்டி நின்ற பிள்ளை, பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து மெய்யியல் பயில்கின்றான். அவனது புதிய வினாக்களுக்கு லெப்பையிடம் விடையில்லாதிருக்கலாம். எழுத்தின்மேல் விரல்வைத்து, பிழைபட்டால் மீண்டும் முதலிலிருந்து ஓதும் பழக்கத்தை அவனுக்குத் தந்தவர் அவரே.