கைக்கடிகாரமும் மமதையும்

ஆயுத பூஜையன்று பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் செல்பவர்கள் ஓர் இனிய காட்சியைக் காணலாம். முந்தைய நாள் வரை எண்ணெய்ப் பிசுக்கோடு சுழன்றுகொண்டிருந்த கடைசல் இயந்திரங்கள் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பெற்று, செவ்வந்தி மாலையோடு நிற்கும். சுத்தியலும் அரமும் திருப்புளியும் ஒரு பலகையில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். வாசலில் வாழைக்கன்று, உடைக்கக் காத்திருக்கும் வெண்பூசணி, பூஜை முடிந்ததும் அனைவர் கையிலும் பொரியும் கடலையும்.

ஜடப்பொருளை வணங்குவது அறியாமை என்று இதைக் கண்டு நகைப்பவர்கள் உண்டு. வணங்கப்படுவது இரும்பு அன்று. இரும்பின் வழியாகச் செயல்படும் சக்தி. அந்தச் சக்தியே தொழிலாளியின் கைத்திறனாகவும், பொறியாளரின் அறிவாகவும், ஒரு குடும்பத்தின் அன்னமாகவும் வெளிப்படுகிறது. இந்த வழிபாட்டிற்கு இன்னொரு பாதியும் உண்டு. மறுநாள் விஜயதசமி. அன்று கருவி மீண்டும் கைக்கு வருகிறது. பூஜித்த உளியைப் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுபவர் எவரும் இல்லை.

நன்கு செய்யப்பட்ட பொருளின்மீது மனிதனுக்கு எழும் அன்பைச் சிந்திப்பதற்குப் பெங்களூர் பொருத்தமான ஊர். 1953-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு இங்கேதான் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1961-இல் அதன் முதல் கடிகாரங்களைப் பிரதமர் ஜவஹர்லால் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்னும் பெயர்கள் ஒரு தலைமுறையின் நினைவில் இன்றும் ஒலிக்கின்றன. திருமணத்தில் மாப்பிள்ளைக்கும், பணி ஓய்வில் ஊழியருக்கும், பள்ளி இறுதித் தேர்வில் தேறிய மகனுக்கும் வழங்கப்பட்டது பெரும்பாலும் எச்.எம்.டி. கடிகாரமே. பார்வையற்றோர் முள்ளைத் தொட்டு நேரம் அறியும் பிரெயில் கடிகாரங்களையும் அந்நிறுவனம் செய்தது. இது தனியே போற்றத்தக்கது.

ஜனதா கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் ஒரு சிறு சக்கரம் இடமும் வலமுமாக ஊசலாடுவதைக் காணலாம். நொடிக்கு 5 துடிப்பு. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்பு. உராய்வைக் குறைப்பதற்காக உள்ளே 17 சிறு செயற்கைக் கெம்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. மின்கலம் இல்லை. தினமும் காலையில் ஒருவர் சாவி கொடுக்க வேண்டும். அவ்வளவே அது கேட்பது.

இத்தகைய பொருளை நேசிப்பது ஆன்மிக வாழ்வுக்குத் தடையா? இங்கே பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பொருளை அலட்சியம் செய்வதே வைராக்கியம் என்று எண்ணுகிறார்கள். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் இளம் சீடரான யோகின் ஒருமுறை கடைத்தெருவில் இரும்பு வாணலி ஒன்றை வாங்கினார். கடைக்காரர் தர்மத்துக்கு அஞ்சி நல்ல பொருளையே தருவார் என்று நம்பி, அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாணலியில் விரிசல். குருதேவர் அவரைக் கடிந்துகொண்டார். பக்தன் ஏமாளியாக இருக்க வேண்டியதில்லை, நாலு கடை ஏறி இறங்கி நல்ல பொருளைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே அவர் உணர்த்தியது. பணத்தைக் கையால் தொடவும் இயலாத பரம துறவி, வாணலியில் விரிசல் இருக்கலாகாது என்கிறார்! கவனக்குறைவு துறவாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே குற்றம் நேசிப்பதில் இல்லை. 'என்னுடையது' என்று மனம் அதில் ஒட்டிக்கொள்வதில் இருக்கிறது. நூல்கள் இதை மமதை என்கின்றன. ஸ்ரீமத் பாகவதம் கூறும் பரத மன்னர், பெரும் நாட்டைத் துறந்து கானகம் சென்றவர். அரியணை அவரைக் கட்டவில்லை. ஆற்றில் தத்தளித்த மான்குட்டி கட்டிவிட்டது. அதைக் காப்பாற்றியது கருணையே. ஆனால், கருணை எந்த நாளில் மமதையாக மாறியது என்பதை அவர் அறியவில்லை. அதன் நினைவோடு உடலை விட்டவர் மானாகவே பிறந்தார். பெரிய பொருளை விட்டவன் சிறிய பொருளிடம் தோற்பது எவ்வளவு எளிது!

எச்.எம்.டி. கடிகாரப் பிரிவு மூடப்படும் என்ற செய்தி 2014-இல் பரவியபோது, விற்பனை நிலையங்களில் வாங்குவோர் திரண்டனர். 2016-இல் மத்திய அரசு மூடலுக்கு ஒப்புதல் அளித்தது. அதன் பின்னர் அக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் பெருகினர். அவர்களில் பலர் ஒரு நல்ல தொழிலின் நினைவைக் காப்பவர்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆசை எங்கே மிகுகிறதோ அங்கே போலியும் தோன்றுகிறது. பழைய இயந்திரத்தின்மேல் புதிதாக வண்ணம் பூசிய முகப்பைப் பொருத்தி, 'அரிய பழம்பொருள்' என்று விற்கிறார்கள். பழமையின் மோகத்திற்காகப் பழமையே இப்போது புதிதாகத் தயாராகிறது!

2009 மார்ச் மாதம் நியூயார்க்கில் மகாத்மா காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, தட்டு, கிண்ணம், இடுப்புக் கடிகாரம் ஆகியவை ஏலத்துக்கு வந்தன. பெங்களூரைச் சேர்ந்த தொழிலதிபர் ஒருவர் அவற்றை 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். நாடெங்கும் மகிழ்ச்சி, அது இயல்பே. ஆயினும் காந்தியடிகளுக்கு அந்தக் கடிகாரம் பிரார்த்தனைக்கு ஒரு நிமிடமும் தாமதமாகச் செல்லாதிருக்க உதவிய கருவி. அந்தக் காலந்தவறாமையை அடைய 18 லட்சம் டாலர் தேவைப்படுவதில்லை. அதனால்தானோ என்னவோ அதற்குப் போட்டி குறைவு.

ஏலக்கூடத்தை விட்டு நம் இல்லங்களுக்கு வருவோம். தந்தை காலமான ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். வீடும் நிலமும் பத்திரப்படி பிரிந்தன. எவருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் தந்தை நாற்பது ஆண்டுகள் கையில் கட்டியிருந்த ஜனதா கடிகாரம் யாருக்கு? அண்ணன் எடுத்துக்கொண்டார், தம்பி பேச்சை நிறுத்தினார். சில ஆயிரம் ரூபாய் பெறாத பொருளுக்காக ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் செல்வதில்லை.

'வெறும் உலோகந்தானே' என்று அவர்களிடம் வேதாந்தம் பேசுவது பயன் தராது, இரக்கமும் ஆகாது. இருவரும் வேண்டுவது கடிகாரத்தை அன்று. தந்தை தன்னை நேசித்தார் என்பதற்கு ஓர் அடையாளத்தை. அந்தத் துயரம் மதிக்கத்தக்கது. ஆனால் நடப்பது என்ன? அண்ணன் அதை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். சாவி கொடுக்காத கடிகாரம் இரண்டு நாளில் நிற்கும். ஓடாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் எண்ணெய் காய்ந்து இறுகும். பழுதுபார்ப்பவர் சக்கரங்களைப் பிரித்துத் துடைத்துப் புது எண்ணெய் இட்டாலன்றி அது சரியாக ஓடாது. தந்தை காலைதோறும் பூஜைக்கு முன் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்ட பொருள், இருட்டில் யாருக்கும் பயனின்றிக் கிடக்கிறது.

செல்வர் வீட்டுப் பணிப்பெண்ணைப் பற்றி ஸ்ரீராமகிருஷ்ணர் கூறுவார். அவள் அந்த வீட்டை 'எங்கள் வீடு' என்பாள். எஜமானரின் குழந்தைகளை 'என் ராமன், என் ஹரி' என்று கொஞ்சி வளர்ப்பாள். பாத்திரம் பண்டங்களைப் பொறுப்போடு காப்பாள். ஆனால் தன் வீடு எங்கோ கிராமத்தில் இருப்பது அவள் உள்ளத்துக்குத் தெரியும். அவளிடம் அலட்சியமும் இல்லை, மமதையும் இல்லை. அந்த அண்ணன் கடிகாரத்துக்கு இப்படிப்பட்ட காவலராக இருந்தால் போதும். "தம்பி, இதைப் பழுதுபார்த்து நீ கட்டிக்கொள். அப்பாவின் திதிக்கு வரும்போது கட்டிக்கொண்டு வா" என்று சொல்வதற்கு அவர் உபநிடதங்களை எல்லாம் கற்றிருக்க வேண்டியதில்லை. அடுத்த திதி வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை; தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.