அறியும் கையின் தூய்மை

அண்டார்டிக்காவின் வாஸ்டாக் நிலையத்திற்கு அடியில் ஓர் ஏரி மறைந்திருக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். அதன்மேல் கவிந்திருக்கும் பனிக்கட்டியோ மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மிகுந்த தடிப்புடையது. வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்னும் நிலவிலும் பனி ஓட்டின் கீழே கடல் இருப்பதாக அறிவியலார் கருதுகின்றனர். எனவே, ஒளி புகாத இந்த ஏரியில் உயிர் உண்டெனில் அங்கும் இருக்கக்கூடுமன்றோ என்று வினவுகின்றனர்.

வினா உயர்ந்ததே. ஆயினும், விடை தேடும் வழியும் அவ்வாறே உயர்ந்ததாக இருக்க வேண்டாமா? ரஷ்ய ஆய்வாளர் இட்ட துளை உறைந்துவிடாதிருக்க, மண்ணெண்ணெய் கலந்த திரவத்தை அதில் நிரப்பியிருந்தனர். ஏரி மாசுறும் என்ற அச்சத்தால், 1998-இல் ஏரியை எட்டுவதற்குச் சற்றேறக்குறைய 120 மீட்டருக்கு முன்பே பணி நின்றது. நீண்ட விவாதத்திற்குப்பின், 2012 பிப்ரவரி 5 அன்று துளை ஏரியைத் தொட்டது. பின்னர் மாதிரிகளில் தென்பட்ட நுண்ணுயிர்த் தடயங்கள் ஏரிக்கு உரியனவா, திரவத்தோடு வந்தனவா என்ற ஐயம் எழுந்தது.

கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுக்காக மனித அறிவு தயங்கி நிற்பதா எனச் சிலர் கேட்பர். அவர்களுக்கு நாம் இரண்டு மறுமொழிகள் கூறலாம். ஓர் உயிரின் மதிப்பு அதன் உருவளவைப் பொறுத்ததன்று என்பது ஒன்று. மாசுபட்ட கையால் தொட்டுப் பார்ப்பவன் இறுதியில் தன் கையின் அழுக்கையே காண்கிறான் என்பது மற்றொன்று. ஆகவே, தன்னடக்கம் அறிவுக்குப் பகையன்று. உண்மையை அடைவதற்கு அதுவே முதற்படி.

அடக்கம் என்பது தொடாமலே இருந்துவிடுவதன்று. 2013 சனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள், வடிகட்டிப் புறஊதாக் கதிர்களால் தூய்மை செய்த வெந்நீரைக் கொண்டு, 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்ஸ் என்னும் ஏரியை அடைந்தனர். அங்கே உயிருள்ள நுண்ணுயிர்களைக் கண்டனர். தூய்மைக்காகப் பட்ட பாடு அவர்தம் விடைக்கு வலுவூட்டியது.

இவ்வுணர்வு விண்வெளியிலும் செயற்பட்டதை நாம் கண்டோம். யூரோப்பாவில் மோதி அதனை மாசுபடுத்திவிடக் கூடாதென்று, கலிலியோ விண்கலத்தை 2003-இல் வியாழனுக்குள்ளேயே செலுத்தி அழித்தனர். சனியின் நிலவுகளைக் காக்கும் பொருட்டு, 2017-இல் காசினியும் அவ்வாறே சனிக்குள் எரிந்தழிந்தது. அந்நிலவுகளில் உயிர் உண்டா என்று இன்னும் எவரும் அறியார். இருக்கலாம் என்ற எண்ணமே மனிதரின் கையைத் தடுத்தது. இல்லையென்று தெளியும் வரை இருப்பதாகவே மதித்து நடப்பதுதான் அறத்தின் வழி என நாம் கருதுகிறோம்.