காரணமும் குற்றமும்

ஒரு நோயின் காரணம் தெரிந்துவிட்டால் குற்றவாளியும் அகப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைத் தத்துவப் புத்தகங்களில்தான் தேட வேண்டும் என்றில்லை. திருப்பூர் லைன் வீடுகளில் பார்க்கலாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேக்கிவைத்த நல்ல தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறது சுகாதாரத் துறை. விஞ்ஞான ரீதியில் பிழையில்லை. ஆனால் பல நாட்களுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில், பனியன் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிற பெண் எதை நம்பி மிச்சத் தண்ணீரைக் கொட்டுவாள்? 2017இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, புழு கண்ட இடங்களுக்கு நோட்டீசும் அபராதமும் வந்தன. காரணம் டிரம்மில் இருந்தது உண்மை. குற்றமும் அங்கேதான் இருந்ததா? நொய்யலும் அதன் கரைக் கிணறுகளும் சாயக் கழிவால் கெட்ட ஊர் இது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏழையின் அழுக்கே நோய் என்று பலர் நம்பிய காலத்தில், 1854இல், லண்டன் சோஹோவின் காலராவுக்குத் தெருப் பம்பு ஒன்றைக் காரணமாகக் காட்டினார் ஜான் ஸ்நோ. பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். தண்ணீர் பிடித்தவர்களிடம் அபராதம் கேட்கவில்லை.

நம் பக்கத்தில் வேறொரு வழி இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் சூறையாடிற்று. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. எலியையும் அதன் தெள்ளுப்பூச்சியையும் விட்டு அம்மனின் கோபத்தைக் காரணமாக நினைத்தது தவறுதான். ஆனால் பூச்சாட்டினால் ஊரே வரி கொடுக்கும், ஊரே பொங்கல் வைக்கும். சாதி பார்த்துச் சிலரைத் தள்ளிவைத்த ஊர்தான். என்றாலும் குற்றத்தை ஒரு வீட்டு வாசலோடு நிறுத்திவிடாமல் தனக்குள் பங்கிட்டுக்கொண்டது.

கோயிலுக்குத் திரும்பச் சொல்வதல்ல என் நோக்கம். சரியான காரணம் கைக்கு வந்தபோது அந்தப் பங்கீடு கைநழுவிப் போயிற்று என்பதைத்தான் சொல்கிறேன். டிரம்மில் புழு தேடி வருகிறவர், அந்த வீட்டுக்குக் கடைசியாகத் தண்ணீர் வந்த தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தேதி இல்லாத அபராதம், உண்மையை வைத்துக்கொண்டே செய்யும் அநீதி என்றுதான் எனக்குப் படுகிறது.