பெயரின் காவலும் தொழிலின் அறமும்

பெயர்களை இடுகுறி, காரணம் என இருவகைப்படுத்துவது தமிழ் இலக்கண மரபு. காரணமின்றி வழங்குவது இடுகுறிப்பெயர். காரணம் பற்றி வழங்குவது காரணப்பெயர். ஒருவர் தம் தொழில் குறித்துச் சூடிக்கொள்ளும் பட்டம் இவ்விரண்டில் எதனைச் சார்ந்தது? மயக்க மருந்துக்கு உட்பட்டுச் சத்திரசிகிச்சை மேசையிற் கிடக்கும் நோயாளியைப் பொறுத்தவரை, இஃது இலக்கண வினா அன்று. உயிர் பற்றிய வினா.

சத்திரசிகிச்சை என்றதும் அதனைச் செய்யும் வைத்திய நிபுணரே நினைவுக்கு வருகின்றார். ஆயின், கருவிகளை ஒழுங்குசெய்வோரும், வேண்டிய கணத்தில் வேண்டியதை எடுத்து நீட்டுவோரும், காயத்தை மூடுமுன் ஊசிகளையும் குருதி ஒற்றும் துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்போரும் வேறு சிலராவர். எண்ணிக்கை ஒன்று பிழைப்பின் நோயாளியின் உடலினுள்ளே துணி தங்கிவிடல் கூடும். இத்துணைப் பொறுப்புடையோரின் பட்டம் பல நாடுகளில் நெடுங்காலம் சட்டத்தின் காவலின்றியே இருந்தது.

பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டிலே சத்திரசிகிச்சைக்கூடச் செயற்பாட்டாளர் என்னும் பட்டம், உரிய பதிவேட்டில் இடம்பெற்றவர்க்கே உரியதாயிற்று. ஜேர்மனியிலோ இத்தகையோரின் பயிற்சி பெரும்பாலும் வைத்தியசாலைகளின் சங்கம் வகுத்த விதந்துரைகளின்படியே நடைபெற்று வந்தது. 2019 டிசம்பரில் இயற்றப்பட்டு 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சமஷ்டிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. மூன்றாண்டுப் பயிற்சியை அது விதித்தது. அதனுள் ஆகக்குறைந்தது 2100 மணிநேரப் போதனையும் 2500 மணிநேரச் செய்முறைப் பயிற்சியும் அடங்கும். அரச அனுமதி பெற்றவரே அப்பட்டத்தைப் பயன்படுத்தலாம் என்பதும் விதியாயிற்று.

இத்தகைய காவலை ஐயுறுவோரும் உளர். தொழிற்சங்கங்கள் நெடிய பயிற்சிக்காலத்தைக் காட்டிப் பிறரைப் புறத்தே நிறுத்துகின்றன என 1776இல் அடம் ஸ்மித் கண்டித்தார். 1962இல் மில்ரன் பிரீட்மன், ஒரு பட்டத்தைத் தகுதியுடையோர்க்கு ஒதுக்குவதும் ஒரு தொழிலைச் செய்வதையே பிறர்க்குத் தடுப்பதும் வெவ்வேறு என வேறுபடுத்தி, பின்னதை நியாயப்படுத்துவதே மிகக் கடினம் என்றார். இவ்வையம் புறக்கணிக்கற்பாலதன்று. பட்டத்தின் காவல் பட்டம் உடையோரின் வருவாய்க்கு வேலியாக மட்டும் அமையுமாயின் அதற்கு அறத்தின் துணை இல்லை.

ஆயின் அப்பட்டம் உண்மையில் எவரின் பொருட்டுக் காக்கப்படுகின்றது என்பதே இவ்விடத்து ஆராயற்பாலது. குயவரின் பானையை வாங்குவோன் தட்டிப் பார்த்து வாங்குகின்றான். நோயாளிக்கு அவ்வாய்ப்பில்லை. தன்னைச் சூழ நிற்போரின் திறனை அவன் சோதிக்க இயலாது. பிழை நேரும் வேளையில் அவன் விழித்திருப்பதுமில்லை. துயிலுமுன் அவன் அளிக்கும் சம்மதம் பெயர்களை நம்பியே அளிக்கப்படுகின்றது. பெயர் பொய்யாயின் அச்சம்மதமும் பழுதுபடும். ஆகவே பெயரைச் சூடுபவர் ஒருவராயினும், அதன் உண்மையைக் கோரும் உரிமை நோயாளியினுடையது.

இதிலிருந்து இரண்டு கடமைகள் பிறக்கின்றன. முதலாவது, சட்டத்துக்கு முன்னரே திறன் பெற்றோரைக் கைவிடாமை. முன்னைய விதந்துரைகளின்படி பயின்றோர்க்கும் ஜேர்மானியச் சட்டம் வழி திறந்து வைத்தமை நீதியின்பாற்பட்டது. காக்கப்பட வேண்டியது பெயரின் காரணமேயன்றிச் சான்றிதழின் தாள் அன்று.

இரண்டாவது கடமை பட்டம் உடையோரைச் சார்ந்தது. ஒருவர் பயின்றார் என்பதற்குச் சட்டம் சான்று பகரும். இன்றிரவு அவர் கவனமாக எண்ணுவார் என்பதற்குச் சான்று பகராது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல், தோலைக் கீறுமுன் குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறிக்கொள்ள வேண்டும் என்கின்றது. அச்சொல்லை நோயாளி கேட்பதில்லை. எனினும் அஃது அவனுக்கு அளிக்கப்படும் வாக்குறுதியே. அதனைக் காப்பவரிடத்தேதான் பட்டம் காரணப்பெயராக நிலைபெறுகின்றது.